செயற்கைக் காலுக்குச் சேரும் பணம்

கண்ணிவெடியாற் காலிழந்த கம்போடிய அகதிகளுக்காக, 1982ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மருத்துவர் இருவர் தொடங்கியதே ஹண்டிகப் இன்டர்நஷனல் என்னும் தொண்டு நிறுவனம். தாய்லாந்து முகாம்களில் மூங்கில், தோல், பழைய டயர் கொண்டு அது கால்கள் அமைத்தது. பின்னர் மட்டக்களப்பிலும் பணிபுரிந்தது.

அதற்குப் பணம் வரும் வழிகள் இரண்டு. அரசுகள் தரும் பெருந்தொகை, குறித்த வேலைக்கே உரியது. பொதுமக்களின் சிறுகொடையோ கட்டற்றது. பிரான்ஸில் நத்தார் மரத்துக்கான பையொன்று விற்கப்படுகிறது. விலையில் ஒரு பங்கு நிறுவனத்தைச் சேரும். 2004இல் கல்முனைக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை போன்ற இடர் நேர்கையில், அரசுப் பணத்துக்குக் காத்திராது புறப்பட உதவுவது இத்தகைய சில்லறையே.

நற்பிட்டிமுனையில் நிதி திரட்டினும், பாரிஸில் திரட்டினும் எழும் வினா ஒன்றே: "கால் வாங்கக் கொடுத்த பணத்திற் சம்பளம் எதற்கு?"

நேயர்களே, குழந்தை வளரும். செயற்கைக் கால் வளராது. அதைப் பன்முறை மாற்றவேண்டும். ஆதலால் உள்ளூர்த் தொழில்வினைஞரைப் பயிற்றுவதும், அவர்க்கு ஊதியமளிப்பதும், கணக்கெழுதுவதும் வீண்செலவாகா. ஸகாத் பெறுதற்குரிய எட்டு வகுப்பாருள், அதனைத் திரட்டும் ஊழியரும் அடங்குவரன்றோ?

கணக்கைக் கேட்பது கொடையாளியின் உரிமை. அதனுடன், "அடுத்த காலை அளப்பவர் யார்?" என்றும் கேட்டல் வேண்டும்.