கை அசைவு ஒன்று, சுழற்சி இரண்டு: மேசைப்பந்தில் எதிராளியை ஏமாற்றும் ‘சர்வ்’

சமூக மன்றங்களில் மேசைப்பந்து விளையாடும் பலருக்கும் இந்தக் குழப்பம் பழக்கமானது. எதிரில் நிற்பவர் போடும் ‘சர்வ்’ மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. மட்டையை வைத்தால் பந்து வலையில் விழுகிறது. அடுத்த முறை சற்றுத் தூக்கிவிட்டால் தலைக்குமேல் எழும்புகிறது. இரண்டு முறையும் அவருடைய கை ஒரே மாதிரிதான் அசைந்தது.

மேசைப்பந்தின் எடை 2.7 கிராம்தான். அதனால் மட்டையின் ரப்பர் அதை எளிதில் சுழற்றிவிடும். பந்தின் அடிப்பாகத்தை மெல்லச் சீவினால் அது பின்னோக்கிச் சுழன்றபடி செல்லும். எதிராளியின் மட்டையில் பட்டதும் கீழே இறங்கப் பார்க்கும். அதைச் சமாளிக்க அவர் மட்டையைச் சாய்த்து, பந்தைத் தூக்கிவிட வேண்டும். சுழற்சியே இல்லாத பந்துக்கும் அவர் அப்படியே செய்தால் பந்து உயரே கிளம்பும். சர்வ் போட்டவருக்கு அதை அடித்து முடிப்பது எளிது.

இந்த வேறுபாடு பெரும்பாலும் மட்டையின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்பதில் இருக்கிறது. மணிக்கட்டைச் சுழற்றும்போது மட்டையின் நுனி வேகமாக நகரும், கைப்பிடிக்கு அருகிலுள்ள பகுதி மெதுவாக நகரும். நுனியில் பட்டால் பலமான சுழற்சி. கைப்பிடிக்கு அருகே பட்டால் கிட்டத்தட்ட வெறும் பந்து. சில அங்குல வேறுபாடு, எதிரில் இருப்பவர் கண்ணுக்குச் சிக்குவதில்லை. பந்து பட்ட பிறகு மட்டையை வேண்டுமென்றே மேலே இழுப்பது கூடுதல் நாடகம்.

புதிதாகக் கற்போர் இந்த நாடகத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். காணொளிகளில் பார்த்ததுபோல் கையை வீசுகிறார்கள், பந்தில் சுழற்சி இருப்பதில்லை. வெறும் பந்து ஏமாற்ற வேண்டுமென்றால், எதிராளி அதற்கு முன்பே உங்கள் சுழற்சிக்குப் பயந்திருக்க வேண்டும். ஆகவே, முதலில் சுழற்சி. அதைச் சோதிக்க மேசைகூடத் தேவையில்லை. தரையில் சர்வ் போட்டுப் பாருங்கள். பந்து சற்றுத் தூரம் சென்று நின்று உங்களிடமே உருண்டு திரும்பினால் சுழற்சி போதுமானது. மட்டையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, மற்ற மூன்று விரல்களைத் தளர்த்தினால் மணிக்கட்டு தாராளமாக அசையும்.

எதிராளியை ஏமாற்றலாம், பந்தை மறைக்கக்கூடாது. உடலாலோ உடையாலோ பந்தை மறைத்து சர்வ் போடுவது 2002 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தை ஏறக்குறைய நேராக, குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எறிய வேண்டும். எறிந்தவுடன் அந்தக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். அப்பட்டமான விதிமீறலுக்கு நடுவர் எச்சரிக்காமலேயே புள்ளியை எதிராளிக்குக் கொடுக்கலாம். நண்பர்களோடு விளையாடும்போது யாரும் கண்டுகொள்ளாத இந்தப் பழக்கம், போட்டியில் பிள்ளைகளுக்குப் புள்ளிகளைப் பறித்துவிடும்.

சர்வை எதிர்கொள்பவர், பந்து பட்ட பிறகு நடக்கும் கையாட்டத்தைக் கவனிக்கவே கூடாது. படும் கணத்தில் மட்டை எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பந்தில் அச்சிடப்பட்ட முத்திரையும் உதவும்: அது தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி குறைவு, மங்கலாகத் தெரிந்தால் அதிகம்.

11 புள்ளி ஆட்டத்தில் ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு சர்வ்தான். 9-9 என்ற நிலையில் அந்த இரண்டும் கையில் இருந்தால், அதுவரை அதிகம் காட்டாத வெறும் பந்தை வலைக்கு அருகே குட்டையாகப் போட்டுப் பாருங்கள்.