எழுபது வளைவும் மூன்று சென்டிமீட்டரும்

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறினால், கொல்லிமலை மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறுகிறவர்கள் உண்டு. இணையத்தைச் சுமந்துகொண்டு கண்ணாடி இழைக்குள் ஏறும் ஒளிக்கு அந்தத் தலைசுற்றல் கிடையாது. இழையின் நடுப்பகுதிக்கு ஒளிவிலகல் எண் சற்றுக் கூடுதல். அதனால் விளிம்பைத் தொடும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்புகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான். நல்ல இழையில் 15 கிலோமீட்டர் கடந்த பிறகும் பாதி ஒளி மிஞ்சும்.

பஸ் திணறித் திரும்பும் வளைவு இழைக்கு ஒரு பொருட்டே அல்ல. சாதாரண இழையைச் சுமார் 3 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் மடக்கினால்தான் ஒளி கசியும். மலைப்பாதை குற்றவாளி இல்லை. வீட்டுச் சுவர் முனையில் ஆணியடித்து மடக்கிய வயர்தான் குற்றவாளி. அரசின் திட்டமும் அந்தக் கடைசி முனையில்தான் கசிகிறது.

சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோக ஒன்றிய அரசு 2011-ல் முடிவெடுத்தது. அதுவே பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம் தர 1,815 கோடி ரூபாய்த் திட்டம். கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் இதில் அடக்கம். ஆனால் இலக்கு ஊராட்சி அலுவலகம். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு போன்ற இந்த ஊராட்சிகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஊர்கள் அல்ல. சிற்றூர்கள் சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கின்றன. கிலோமீட்டருக்கு எத்தனை வீடு என்று பார்க்கும் தனியாருக்கு அங்கே கணக்கு தேறாது.

உடனே, "மலையில் யாருக்கு அவ்வளவு வேகம் வேண்டும்?" என்பார்கள். மிளகு விலை பார்க்க போன் போதும்தான். முகடு மறைத்தால் அதுவும் இல்லை. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவியும், சுற்றுலாப் பயணியிடம் ஜிபேயில் காசு வாங்கும் அன்னாசிக் கடைக்காரரும் சிக்னலைத் தேடி அலைகிறார்களே, அது தேவை அல்லாமல் வேறென்ன? பஸ்ஸே வராத ஊரில் டிக்கெட்டை எண்ணி, பயணிகள் இல்லை என்று சொல்வதா?

தென்கொரியா கேபிள் போட்டதோடு நிற்கவில்லை. இல்லத்தரசிகள் உட்பட ஒரு கோடிப் பேருக்கு இணையம் கற்றுக்கொடுக்க 2000-ல் திட்டம் போட்டது. தேவை அப்படியும் வளரும்.

1,39,579 கோடி ரூபாயில் 2023-ல் திருத்தப்பட்ட பாரத்நெட், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத ஊர்களுக்கும் இழை தரும். ஆனால் கேட்டால்தான். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அதில் ஊராட்சியின் பெயர் மட்டும் போதாது, உங்கள் சிற்றூரின் பெயரும் இருக்கட்டும்.