பிள்ளை பகா எண்கள்

தில்லைத் திருநகரை அடுத்து விளங்குவது அண்ணாமலை நகர். அங்கே 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அதன் கணித ஆசிரியராகப் பணியேற்றவர் சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ஆம் ஆண்டு பிறந்த இவர், பள்ளிக் கல்வி முடியுமுன்னரே தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். ஆசிரியர் ஒருவரது பேருதவியால் மேலும் பயின்று, எண் கணிதத்தில் ஒப்பற்ற அறிஞரானார்.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையவை. 1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கி வருவது அவ்வெண்ணின் தொடர்பெருக்கமாகும். 4-இன் தொடர்பெருக்கம் 24.

தொடர்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் ஒரு வியப்பான ஒழுங்கு தோன்றும். 3-க்கு வருவது 7. அதனை 3-ஆல் வகுத்தால் மீதி 1. 4-க்கு வருவது 25. அதன் பகாக் காரணியாகிய 5-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. 5-க்கு வரும் 121-இன் பகாக் காரணி 11. 5-ஆல் வகுக்க மீதி 1. 6-க்கு வரும் 721, 7-ஐயும் 103-ஐயும் பெருக்கிய தொகை. அவ்விரண்டும் 6-ஆல் வகுக்க மீதி 1 தருகின்றன. 7-க்கு வரும் 5,041-இன் பகாக் காரணி 71, அதுவும் அவ்வாறே.

இவ்வொழுங்கு எல்லா எண்களுக்கும் பொருந்துமோ? 1930-ஆம் ஆண்டில் பிள்ளை எழுப்பிய வினா இதுவே. பொருந்தாது என்பதே விடை. 8-க்கு வருவது 40,321. அது 61-ஐயும் 661-ஐயும் பெருக்கிய தொகை. இவ்விரண்டையும் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அன்று, 5 ஆகும். ஐந்து முறை தொடர்ந்து பொருந்திய ஒழுங்கு ஆறாம் முறையில் முறிந்துவிடுகிறது!

இவ்வாறு ஒழுங்கை மீறும் பகா எண்களுக்குப் ‘பிள்ளை பகா எண்கள்’ என்றே கணித உலகம் பெயரிட்டது. அவற்றுள் மிகச் சிறியது 23. 14-இன் தொடர்பெருக்கத்தோடு ஒன்று கூட்ட வருவது 87,17,82,91,201. இப்பேரெண் 23-ஆல் மீதியின்றி வகுபடும். ஆயினும் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகைய பகா எண்களுக்கு முடிவில்லை என்பதும் பின்னாளில் நிறுவப்பெற்றது.

எடுத்துக்காட்டுகள் எத்துணை இருப்பினும் அவை நிறுவலாகா. மாறுபட்ட ஒன்றே விதியை வீழ்த்தப் போதும். கணிதத்தின் இவ்வுறுதியை இவ்வெண்கள் நன்கு புலப்படுத்துகின்றன. ‘இல்லை’ என விடை பெற்ற வினாவும் புதிய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

பிள்ளை 1941 வரை அண்ணாமலை நகரில் பணியாற்றினார். பின்னர், அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 49. அவர் பெயர் தாங்கிய பகா எண்களோ முடிவின்றித் தொடர்கின்றன.