லண்டனுக்கு ஆற்று வழி

லண்டனுக்கு விமானத்தில் போகிறவர் ஹீத்ரோவில் இறங்கி, சுரங்க ரயில் பிடித்து, நகரின் நடுவே வெளியே வருகிறார். பிக் பென், லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை என்று மூன்று நாளில் முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். பார்த்ததெல்லாம் நகரின் மேற்குப் பகுதி. அந்த மேற்குக்குச் சோறு போட்ட கிழக்கு லண்டன் பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. பாய்மரப் படகில் தேம்ஸ் வழியாக வருகிறவருக்கோ கிழக்குத்தான் முதலில் வரும். அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் முளைத்தது, யார் சரக்கில் வளர்ந்தது என்பதெல்லாம் வரிசை மாறாமல் தெரிந்துகொண்டே வரும்.

கென்ட் பகுதியில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் 31 அடிப் படகில் அப்படிப் போகும் வாய்ப்பு சென்ற கோடையில் கிடைத்தது. ஷெப்பி தீவில் குயின்பரோ என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டோம். டவர் பாலம் அங்கிருந்து சுமார் 40 கடல் மைல். இந்த அளவுப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போனாலே அதிகம். எதிர் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால் இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டியதுதான். "தண்ணி ஏறத் தொடங்கினாத்தான் நாங்கள் வெளிக்கிடலாம்" என்று நண்பர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கடல் ஏறும்போது வட கடலின் நீர் ஆற்றுக்குள் புகுந்து, படகையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறது. முகத்துவாரத்தில் உள்ள ஷியர்னஸில் ஏற்றம் உச்சத்தைத் தொட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே லண்டன் பாலத்தருகே உச்சம் வருகிறது. ஏற்றத்தின் கூடவே நாமும் மேலே போவதால் ஆறு மணி நேரம் கிடைக்கவேண்டிய உதவி ஏழு மணி நேரத்தைத் தாண்டி நீள்கிறது. காற்று ஏமாற்றினாலும் கடல் கைவிடாது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கடலிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளி ஒரு துறைமுக நகரை அமைத்ததன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. படகின் அடியில் ஆறு பின்னோக்கி ஓடுவதை உட்கார்ந்து உணர்வது வேறு.

குயின்பரோவை விட்டு வெளியே வந்ததும் ஷியர்னஸ் எதிரே மிதவைகளால் வளைத்த தடைப் பகுதி ஒன்று இருக்கிறது. 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்த 'ரிச்சர்ட் மான்ட்கோமரி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கிடக்கிறது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. படகுகள் விலகித்தான் போகவேண்டும்.

அதன் பிறகு பல மணி நேரம் சதுப்பு நிலம், எண்ணெய்க் கிடங்கு, கிரேன்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நமக்கு அந்த நீர்ப்பரப்பு வெறும் நீர்ப்பரப்பு அல்ல. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறிய சீனிவாச ராமானுஜன், ஏப்ரல் 14 அன்று இந்த ஆற்றில்தான் வந்து சேர்ந்தார். குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத கோட்டும் ஷூவும் அணிந்து வந்த அந்த 26 வயது இளைஞர் லண்டனை நெருங்குகையில் கடந்து வந்தது இந்தச் சேற்றுக் கரைகளைத்தான். கப்பல்துறையில் கணிதவியலாளர் நெவில் காரோடு காத்திருந்தார். கேம்பிரிட்ஜில் ராமானுஜன் நடந்த இடங்களைத் தேடிப் போகும் தமிழர்கள் உண்டு. அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் கரைகளைப் பார்த்தபடி போனபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

தேம்ஸ் தடுப்பணை நெருங்கியதும் பாயை இறக்கி எஞ்சினைப் போட வேண்டும். பாய் விரித்தபடி அதைக் கடக்கக் கூடாது. ஆற்றுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் அழைத்து, படகின் பெயரைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். எந்த இடைவெளியில் நுழையலாம் என்பதைப் பச்சை அம்பு விளக்குகள் காட்டும். சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அந்த வழி இல்லை. 520 மீட்டர் அகலத்துக்கு ஆற்றை மறித்து நிற்கும் தூண்களின் தலையில் வெள்ளித் தகடு வேய்ந்தது போன்ற கூடுகள் பளபளக்கின்றன. இடையில் பத்து இரும்புக் கதவுகள். பெரியவை ஆற்றின் அடியில் படுத்திருக்கும், ஆபத்து வரும்போது எழுந்து நிற்கும். 1953 ஜனவரி கடைசி இரவில் வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரைக் கொன்றது. அந்தப் பேரழிவுதான் இந்த அணைக்குக் காரணம். 1982 முதல் இயங்கும் இதன் கதவுகள் இதுவரை 200 முறைக்கு மேல் மூடப்பட்டுள்ளன. எங்களைத் தூக்கி வந்த அதே ஏற்றம் கொஞ்சம் மிஞ்சினால் ஊரை மூழ்கடித்துவிடும் என்பது அந்தத் தூண்களுக்கு நடுவே போகும்போது நன்றாகவே புரிகிறது.

பிறகு கிரீன்விச். வானாய்வகத்தின் கூரையில் ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது. தினமும் 12.55 மணிக்குப் பாதிக் கம்பம் ஏறி, 12.58க்கு உச்சிக்குப் போய், சரியாக ஒரு மணிக்கு விழும். 1833 முதல் இந்த வழக்கம். ஆற்றில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது. நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கத் துல்லியமான நேரம் தெரியவேண்டும், பிழை வந்தால் உயிருக்கு ஆபத்து. மலையேறிப் போகும் சுற்றுலாக்காரர்கள் தீர்க்கரேகைக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். பந்து யாருக்காக விழுகிறதோ அவர்கள் இருக்கவேண்டிய இடம் ஆறுதான்.

டவர் பாலத்துக்குச் சற்று முன்னால், வலது கைப் பக்கம், செயின்ட் கேதரின் டாக்ஸ். படகுக்காரர்கள் தங்கும் இடம் இதுதான். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் லண்டனில் தேம்ஸ் ஏறத்தாழ 7 மீட்டர் ஏறி இறங்கும். கரையில் சும்மா கட்டிப்போட்ட படகு சில மணி நேரத்தில் சேற்றில் சாய்ந்துவிடும். அதனால் உள்ளே நீரைத் தேக்கி, நடுவில் இரட்டைக் கதவுள்ள நீர்க்கூடம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்பு வரைதான் அது திறக்கும். வெளியே வரிசையில் காத்திருந்தோம். பயணிகள் படகுகள் போகும்போதெல்லாம் அலை மோதிப் படகு உருண்டது. கதவு திறந்ததும் ஆறேழு படகுகள் பக்கம்பக்கமாக நுழைந்தன. பின்கதவு மூடியதும் சத்தமெல்லாம் அடங்கியது. நீர் கொஞ்சம் கொஞ்சமாக உயர, எங்கள் கண்மட்டம் சுவரின் பாசியைத் தாண்டி, நடைபாதையில் நிற்பவர்களின் முழங்காலைத் தாண்டி, முகம் வரை வந்தது. முன்கதவு திறந்தது. லண்டன் மாநகரத்தின் நடுவே படகைக் கட்டினோம்.

அந்த இடத்தின் கதையும் சொல்லப்பட வேண்டும். தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்து 1828ல் திறக்கப்பட்ட கப்பல்துறை அது. அதற்காக 1,250 வீடுகள் இடிக்கப்பட்டன. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் விரட்டப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு இழப்பீடு கிடையாது. தேயிலையும் யானைத் தந்தமும் வாசனைப் பொருளும் இறங்கிய அந்தத் துறை 1968ல் மூடப்பட்டது. இன்று உணவகங்களும் உல்லாசப் படகுகளும் நிறைந்த இடம். 'ஐவரி ஹவுஸ்' என்ற பழைய கிடங்கு மட்டும் பெயரோடு நிற்கிறது.

அங்கே தங்குவதில் ஒரு பெரிய வசதி, டவர் பாலம் திறப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1894ல் கட்டி முடித்த நாள் முதல் ஆற்றுப் போக்குவரத்துக்கே முதலிடம். பாய்மரம் 9 மீட்டருக்கு மேல் இருந்தால், 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும், கட்டணமில்லாமல் பாலம் தூக்கப்படும். 1997ல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் அணிவகுப்பு, 'கிளாடிஸ்' என்ற பாய்மரத் தோணிக்காகப் பாலம் தூக்கப்பட்டதால் இரண்டாகப் பிரிந்து நின்றது. தோணி முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தது!

டாக்ஸிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் லெடன்ஹால் தெரு. லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் எஃகுக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. மெட்ராஸின் விதியை எழுதிய மேசைகள் அங்கே இருந்தன. அந்தக் கட்டடம் 1861ல் இடிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான், 1859ல், அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள் மெட்ராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறின. ஒரு பங்கு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இன்னொரு பங்கு நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில்.

டவர் ஹில்லில், லண்டன் டவர் கோட்டைக்கு எதிரே, வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் கடலில் மறைந்து, கல்லறைகூட இல்லாத ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் கப்பல்வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதே கப்பல்களில் உலையடியில் கரி அள்ளிப் போட்ட 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகளின் நினைவிடங்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கின்றன. ஒரே கப்பல், ஒரே சாவு, பெயர் மட்டும் தனித்தனிக் கரையில். லண்டனில் நான் நின்ற இடங்களில் இதைவிட மனதைப் பாதித்த இடம் வேறில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே நிறுத்துவதே கிடையாது.

லண்டன் போகும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருப்பதில் ஒரு நாளைக் கிழக்குக்கு ஒதுக்குங்கள். சொந்தமாகப் படகு வேண்டியதில்லை. டவர் பாலத்தருகே தேம்ஸ் கிளிப்பர் பயணிகள் படகில் ஏறினால் கிரீன்விச் வழியாகத் தடுப்பணையைத் தாண்டி வுல்விச் வரை கூட்டிப்போகும். மற்ற பஸ், ரயில்களைப் போலவே ஆய்ஸ்டர் அட்டையைத் தட்டினால் போதும். 1802ல் திறந்த வெஸ்ட் இந்தியா கப்பல்துறையின் கிடங்கு ஒன்றில் டாக்லேண்ட்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம். லண்டன் ஐ வரிசையில் நிற்கும் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.