உப்பின் விலையும் ஒரு சந்திப்பின் ஆயுளும்

திரேஸ்புரம் கடற்கரையில் சங்கு குளிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீருக்கடியில் ஒருவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதை அக்காலத்தில் அவரது விருப்பம் தீர்மானித்ததில்லை. நெஞ்சில் அடக்கிய மூச்சுதான் தீர்மானித்தது. பின்னாளில் மேலிருந்து காற்றை அனுப்பும் குழாய் வந்தது. அதே கடல், அதே மனிதர். கீழே இருக்கும் நேரம் மட்டும் கூடிவிட்டது. இரு பெண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் திரைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேறுபாடு நினைவுக்கு வருகிறது.

இத்தகைய படங்களில் சந்திப்பு பெரும்பாலும் சுருக்கமானது. ஒரு பயணம், ஒரு பருவம், சில நாள்கள், பிறகு பிரிவு. அந்த உறவின் இயல்பே அவ்வளவுதான் என்று பார்வையாளர் முடிவுகட்டி எழுந்துவிடுகிறார். பொருளியல் பயின்றவனுக்கு எழும் கேள்வி வேறு: அந்த உறவு இயல்பிலேயே குறுகியதா, அல்லது மூச்சு போதவில்லையா?

இரண்டாம் சந்திப்பு எப்படிச் சாத்தியமானது?: 2015இல் டாட் ஹெய்ன்ஸ் இயக்கத்தில் வெளிவந்த 'கரோல்' படத்தை நான் தேடிப் பார்த்ததற்குக் காரணம், அதன் மூல நாவலின் தலைப்பு. பட்ரீசியா ஹைஸ்மித் எழுதிய அந்த நாவலின் பெயர் 'த பிரைஸ் ஆஃப் சால்ட்'. அதாவது, 'உப்பின் விலை'. உப்பளங்களின் நகரத்தைச் சேர்ந்தவன் அதைக் கடந்து செல்ல முடியுமா? கதாநாயகியின் பெயரும் தெரேஸ். எங்கள் பகுதியில் திரேஸ் என்றும் திரேசம்மாள் என்றும் வழங்கும் அதே பெயர். 1952இல் அந்நாவல் கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில் வெளியானது. ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரில் அதை வெளியிட 1990 வரை, அதாவது 38 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை எளியது. நியூயார்க்கின் பல்பொருள் அங்காடியில் பொம்மை விற்கும் இளம்பெண் தெரேஸ். மகளுக்குப் பரிசு வாங்க வருகிறார் வசதியான கரோல். அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கையுறைகளைத் தெரேஸ் அஞ்சலில் அனுப்ப, அறிமுகம் நெருக்கமாகிறது. இருவரும் காரில் நெடும் பயணம் போகிறார்கள். கரோலின் கணவர் அமர்த்திய துப்பறிவாளர் பின்தொடர்கிறார். மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அந்த உறவே ஆயுதமாகிறது. சந்திப்பு முறிகிறது.

வழக்கமான படம் இங்கே முடிந்திருக்கும். இந்தப் படம் மேலும் சற்று தூரம் செல்கிறது. தெரேஸுக்கு நாளிதழ் ஒன்றில் வேலை கிடைக்கிறது. கரோல் அறைகலன் நிறுவனம் ஒன்றில் வேலையில் சேர்ந்து, தனக்கென ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்கிறார். மகளை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்து, பார்க்கும் உரிமையை மட்டும் கேட்டுப் பெற முயல்கிறார். அதுவே அவர் கொடுத்த விலை. இரு சம்பளங்களும் ஒரு கூரையும் அமைந்த பிறகுதான் இரண்டாம் சந்திப்பு நிகழ்கிறது. காதலர்களின் மனம் மாறவில்லை. அவர்கள் நிற்கும் தரை மாறியிருக்கிறது.

கூலியில்லாத சமையலறை: இதை மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவோர், தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996) படத்தை நினைத்துப் பார்க்கட்டும். டெல்லியின் நடுத்தரக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் மருமகள்களாக வாழும் இரு பெண்களின் கதை அது. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடிக்க, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்தார். 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999இல் வெட்டின்றித் திரும்பி வந்தது.

கலாச்சாரம் குறித்த அந்தப் பெரும் கூச்சலில் ஓர் எளிய செய்தி அமிழ்ந்துபோனது. அந்த இரு பெண்களும் குடும்பத்தின் உணவுக் கடைக்காக நாள் முழுதும் சமைப்பவர்கள். ஆனால், கூலி பெறாதவர்கள். இறுதியில் அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறி நிஜாமுதீன் தர்காவில் சந்திக்கிறார்கள். படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை எங்கே போவார்கள், எதைக் கொண்டு வாடகை கொடுப்பார்கள்?

அமர்த்திய சென் குடும்பத்தை 'ஒத்துழைப்பும் முரண்பாடும்' சேர்ந்த அமைப்பாக விளக்குவார். பேச்சு முறிந்தால் ஒருவர் எந்த நிலையில் நிற்க நேரும் என்பதே, வீட்டுக்குள் அவர் குரலின் வலிமையைத் தீர்மானிக்கிறது. வெளியே போக இடமில்லாதவரின் 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு எடை குறைவு. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், பெண்ணின் பெயரில் நிலம் இருப்பதை இதனால்தான் வலியுறுத்தினார். தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தரச் சட்டம் செய்தது. ஆனால், மணமாகும்போது நகையும் சீரும் பெற்று, பிறகு பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் பெண்கள் எத்தனை பேர் என்பதை நம் குடும்பங்களிலேயே எண்ணிப்பார்க்கலாம். மணம் செய்யாத மகளுக்கு அந்தச் சீரும் இல்லை.

பணத்தைப் போலவே நேரமும் அரிய வளம். ஒன்றிய அரசின் 2024 காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். எங்கள் மாவட்டத்தின் உப்பளங்களில் வெயிலில் நின்று உழைக்கும் பெண்கள், வீடு திரும்பியதும் இந்த இரண்டாம் வேலையைத் தொடங்குகிறார்கள். மழை தொடங்கினால் முதல் வேலையும் இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கரோல் கொடுத்த விலையைவிட அவர்கள் கொடுக்க வேண்டிய விலை பன்மடங்கு அதிகம். ஏழை வீடுகளில் இத்தகைய கதைகள் காதில் விழாததற்கு, அங்கே அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பது பொருளல்ல.

பொதுவுடமை என்றால் என்ன?: 2025 பிப்ரவரி 14இல் வெளியான ஒரு தமிழ்ப் படத்தின் பெயர் 'காதல் என்பது பொதுவுடமை'. ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய இந்தப் படத்தில், லிஜோமோல் ஜோஸ் ஏற்ற மகள், தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று தாயிடம் சொல்கிறாள். தாயாக ரோகிணி. முற்போக்கான எண்ணங்கள் கொண்ட தாயே, கேள்வி தன் வீட்டு வாசலுக்கு வரும்போது திகைத்துப்போகிறார். பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள்ளேயே நிகழும் படம், அந்தத் திகைப்பைக் கேலி செய்யாமல் பரிவோடு காட்டுகிறது.

தலைப்பு பொருளியல் ஆசிரியனை நிற்கவைக்கிறது. ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பொருளைப் பொதுப்பண்டம் என்போம். காதல் அத்தகையது, இரு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதால் வேறு எவருடைய இல்லறமும் ஒரு துளியும் குறைவதில்லை. ஆனால், பொது என்று அறிவித்துவிட்டால் மட்டும் எதுவும் பொதுவாகிவிடாது. கடல் எல்லோருக்கும் பொதுதான். கரையில் படகை நிறுத்த இடமில்லாதவருக்கு அந்தப் பொதுமையால் பயன் என்ன? காதலுக்கான கரை என்பது வாடகை வீடு, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, மருத்துவமனையில் கையெழுத்திடும் உரிமை ஆகியவை. இவற்றை மறுக்க முடியும்; மறுத்தும் வருகிறோம்.

காவல் நிலையப் புகார்: 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவின் பிடியைத் தளர்த்தியபோது, எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணினர். பெண்களைப் பிரித்த கருவி பெரும்பாலும் அந்தப் பிரிவு அல்ல. 'மகளைக் காணவில்லை' என்று பெற்றோர் கொடுக்கும் புகார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் இப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தனக்கே கல்வி தேவை என்று உணர்ந்து, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். காணாமல்போனதாகத் தேடப்படுவோர் தம் விருப்பப்படி சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், புகாரைக் காவல் துறை முடித்துவைக்க வேண்டும் என்று 2021 ஜூன் 7இல் நெறிமுறை வகுத்தார். கற்றவர்கள் கற்றுக்கொள்ளத் தயங்கும் காலத்தில், அந்த அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அடிப்படை உரிமையாக ஏற்க மறுத்தது. எனினும், 2025 மே 22இல் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவர் தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. 'எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார்?' என்பது நியாயமான கேள்வி. முதுமைக்கும் நோய்க்கும் குடும்பமே காப்பீடாக இருக்கும் நாட்டில் அக்கேள்வி எழத்தான் செய்யும். ஆனால், அதற்கு விடை கட்டாயத் திருமணம் அல்ல, காப்பீட்டை விரிவாக்குவதுதான். 2024இல் ஒன்றிய அரசு இரண்டு சிறிய, ஆனால் பயனுள்ள விளக்கங்களை வெளியிட்டது. பால்புதுமையர் இணைந்து வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையில்லை. குடும்ப அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும். இந்தச் செய்தி எத்தனை வங்கிக் கிளைகளின் முகப்பில் அமர்ந்திருப்பவர்களுக்குச் சென்று சேர்ந்திருக்கிறது என்பதே இப்போதைய கேள்வி. பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளும், கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும்கூட இந்த வகையில் காற்றுக் குழாய்களே. காதலுக்காக அவை உருவாக்கப்படவில்லை. ஆனால், ஒரு பெண் தன் வாழ்வைத் தானே முடிவுசெய்ய அவை மூச்சு தருகின்றன.

ஒரு கணக்கு பாக்கி: இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை யோசித்தேன். 1990களின் தொடக்கத்தில், நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது, என் வகுப்பில் இரு மாணவிகள் இருந்தனர். ஒருத்தி கடற்கரைக் குடும்பத்துப் பெண். மற்றவள் உப்பளத் தொழிலாளியின் மகள். கடைசி வகுப்பு முடிவதற்கும் ஊர்ப் பேருந்து புறப்படுவதற்கும் இடையே அரை மணி நேரம் உண்டு. அந்த அரை மணியும் இருவரும் நூலகத் தாழ்வாரத்தில் இருப்பார்கள். அது நட்பா, காதலா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஒருநாள் உப்பளப் பெண்ணின் தந்தை வந்து, மகள் யாருடன் பழகுகிறாள் என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன்; 'கொஞ்சம் கவனமாக இருங்கள்' என்று என் சொந்த அறிவுரையையும் சேர்த்தேன். அது கடமை என்றே அன்று பட்டது. அடுத்த சில வாரங்களில் அவள் கல்லூரிக்கு வருவது நின்றது. திருமணம் முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். இறுதித் தேர்வை அவள் எழுதவில்லை. மற்றவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சார், நீங்கதான் சொன்னீங்களா?" உங்கள் நன்மைக்குத்தான் என்றேன். அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

அந்த அரை மணி நேரச் சந்திப்பைக் குறுக்கியவன் நான். அதைவிடப் பெரிய பிழை, ஒரு பட்டத்தை, அதனால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு சம்பளத்தை, ஏதோ ஓர் ஊரில் ஒரு வாடகை அறையை அவளிடமிருந்து பறித்ததில் என் பங்கும் இருந்தது. பேரம் முறிந்தால் நிற்கும் நிலையைப் பற்றிப் பின்னர் எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அந்தப் பாடத்தின் விலையைக் கொடுத்தவள் வேறொருத்தி.

இன்றும் கல்லூரிகளுக்குப் பெற்றோர் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருகைப் பதிவேட்டை மூடிவையுங்கள். 'ஐயா, உங்கள் மகள் தேர்வை எழுதட்டும்; வேலைக்குப் போகட்டும். மற்றதை அவளே உங்களிடம் சொல்லுவாள்' என்று மட்டும் சொல்லுங்கள்.