கோணமலையில் ஞாயிறு

ஞாயிறு கடலினின்று எழும் காட்சியைக் காண விழைவோர் பலர். அதனை முழுமையாகக் கண்டோர் சிலரே. கடிகாரம் காட்டும் உதய நேரத்திற்குச் சரியாக வந்து நிற்போர், காட்சியின் பெரும்பகுதியை முன்னரே இழந்துவிடுகின்றனர். மாணவர்களே, இஃது எவ்வாறு என்பதைக் கடல் கடந்து, இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள திருக்கோணமலையில் நின்று காண்போம்.

கொல்லிமலையின் வாசலூர்பட்டியில் வாழ்வோர்க்குத் தொடுவானம் என்பது மலைமுகடேயாகும். திருக்கோணமலையிலோ, கடலுள் நீண்டு செங்குத்தாக நிற்கும் பாறையின்மேல் கோணேசர் கோயில் அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே, நிக்கோபார்த் தீவுகள் வரையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீர்ப்பரப்பேயன்றி வேறில்லை. திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். 1956இல் ஆர்தர் கிளார்க், மைக் வில்சன் என்போர் பாறையடியில் மூழ்கி ஆராய்ந்தபோது, சிதைந்த தூண்கள் கடலடியில் கிடக்கக் கண்டனர். இன்று நாம் வழிபடுவது சென்ற நூற்றாண்டில் மீண்டும் எழுந்த கோயிலாகும்.

இவ்விடத்திற்கு எப்பொழுது வரவேண்டும்? இந்தியாவும் இலங்கையும் 2006 முதல் மீண்டும் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்து வருகின்றன. எனினும் திருக்கோணமலை கொல்லிமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 3 பாகை தள்ளியுள்ளது. நிலவுலகம் ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகின்றமையால், பகலும் இரவும் ஒத்த நாள்களில் அங்கே ஞாயிறு ஏறக்குறைய 12 நிமிடம் முந்தித் தோன்றும். மேலும், நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் ஞாயிறு சாய்வாக ஊராது, நேராக மேலெழும். அதனால் விடியலொளி நெடுநேரம் நில்லாது. பொருள்கள் நன்கு தெரியத் தொடங்கியபின் ஏறக்குறைய 20 நிமிடத்தில் ஞாயிறு வந்துவிடும்; இங்கிலாந்தின் வேனிற்காலத்தில் இதற்கு இருமடங்கு நேரமாகும். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, இருளில் நின்று, கருமை நீலமாகி நீலம் செம்மையாவதைக் காண்பவரே உதயத்தைக் கண்டவராவர்.

தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்திற்கு உரியனவாக்கி, நெய்தலுக்கு எற்பாட்டை வகுத்தார். எற்பாடாவது ஞாயிறு சாயும் பொழுது என்பர். அதற்கு ஞாயிறு எழும் பொழுது எனப் பொருள் கொண்டோரும் உளர். கீழ்க்கரையில் ஒருநாள் வைகறையில் நின்றார்க்கு அவர்தம் கருத்து எளிதில் விளங்கும்!

இனி, வியப்பிற்குரிய செய்தியொன்று உண்டு. ஞாயிற்றின் அடிவிளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் அக்கணத்தில், உண்மையில் அது முழுவதும் தொடுவானத்தின் கீழேயே உள்ளது. கிண்ணத்தின் அடியில் ஒரு காசை இட்டு, விளிம்பு அதனை மறைக்கும் அளவிற்குப் பின்வாங்கி நில்லுங்கள். வேறொருவர் நீர் வார்த்தால் காசு மேலெழுந்தது போலத் தோன்றும். அவ்வாறே காற்றுமண்டலம் ஒளிக்கதிரை வளைத்து ஞாயிற்றை உயர்த்திக் காட்டுகின்றது. அடிவிளிம்பு மேல்விளிம்பினும் மிகுதியாக உயர்த்தப்படுவதால், வட்டமான ஞாயிறு சற்றே நசுங்கிய உருவில் தோன்றும்.

அதன் செம்மைக்கும் காற்றே காரணமாகும். உச்சிப்பொழுதினும் பன்மடங்கு நீண்ட காற்றுவழியே அப்பொழுது ஒளி வருகின்றது. நீலக்கதிர்கள் வழியிலேயே சிதறிப்போக, செங்கதிர்களே பெரிதும் நம்மை வந்தடைகின்றன. செம்மையாகத் தோன்றுகின்றதே என்று நெடுநேரம் உற்று நோக்குதல் கண்ணுக்குத் தீங்கு பயக்கும். தொலைநோக்கி கொண்டு நோக்குதல் எஞ்ஞான்றும் ஆகாது. ஞாயிறு நீரை விட்டு நீங்கியதும் பார்வையைக் கீழே திருப்புக. இரவு முழுவதும் கடலில் இருந்த மீனவர் தோணிகள் அவ்வேளையில் கரை நோக்கி வந்துகொண்டிருக்கும்.