வெள்ளி பூசிய டியூப்

பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களில், சிறுநீர் பிரியாத முதியவர்கள் யூரின் டியூபும் பையுமாகவே வீட்டில் படுத்திருப்பதுண்டு. டியூபை மாற்றும் நேரத்தில் "சில்வர் கோட்டிங் போட்டது வாங்குங்க, இன்பெக்ஷனே வராது" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அதில் பொய்யில்லை. ஈரம் பட்டதும் அதிலிருந்து கசியும் அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களைக் கெடுக்கின்றன. நுண்துகளாக இருந்தால் பரப்பு கூடும், கசிவும் கூடும். பிளாஸ்டிக்கில் வெள்ளி லேசில் ஒட்டாது. அதனால் முதலில் டின் குளோரைடில் முக்கி, பிறகு அமோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டில் குளுக்கோஸ் போன்ற ஒன்றைச் சேர்த்துப் படியவைப்பது ஒரு முறை. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் ஏற்றுவதும் இதே வேதிவினைதான். ஆய்வகத் தட்டில் பலன் அருமையாகத் தெரியும். உடம்புக்குள் நிலைமை வேறு: சிறுநீரிலுள்ள குளோரைடு வெள்ளி அயனிகளைப் பிடித்து முடக்கும், பூச்சின் மேல் புரதப் படலம் படியும், அந்தப் படலத்தில் கிருமி குடியேறும்.

பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில், சில நாள்களுக்கு மட்டும் டியூப் போடப்பட்டவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2012-இல் வெளியானது. சாதாரண டியூபில் தொற்று 12.6 சதவீதம், வெள்ளிக் கலவை பூசியதில் 12.5. அவ்வளவுதான் வித்தியாசம். மூச்சுக்குழாய் டியூபில் கொஞ்சம் பலன் உண்டு: 2008-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8-க்கு இறங்கியது. சாவு குறையவில்லை.

இதயத்தில் நடந்தது இன்னும் மோசம். செயின்ட் ஜூட் நிறுவனம் செயற்கை வால்வின் தையல் துணியில் வெள்ளி பூசி 'சில்சோன்' என்று விற்றது. தொற்றைத் தடுக்க வந்த பூச்சு, வால்வைச் சுற்றித் திசு சரியாகப் பிடிக்காமல் ரத்தம் கசிய வழிவிட்டது. 2000 ஜனவரியில் திரும்பப் பெற்றார்கள். வெள்ளிக்கு அடங்காத கிருமியும் புதிதல்ல. 1975-லேயே அமெரிக்கத் தீக்காயப் பிரிவொன்றில் அப்படிப்பட்ட சால்மோனெல்லா பதிவானது.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு ஏறுகிறது. ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எப்போது எடுக்கலாம்?" பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. இணைப்பைத் தேவையில்லாமல் கழற்றக்கூடாது. குளிர்காய்ச்சல் வந்தாலோ, பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ, எந்தப் பூச்சுப் போட்ட டியூபானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.